ஜென்னி மார்க்ஸ்: சுற்றமும் நட்பும் தாங்கிய இல்லறம்

காதல் இருவர்க்கே உரியது என்பது உலக வழக்கு. ஆயினும் அகப்பொருள் இலக்கணம் வகுத்த நம் முன்னோர் அதனை இருவர் அளவில் நிறுத்திவிடவில்லை. தலைவனையும் தலைவியையும் சுற்றித் தோழியும் பாங்கனும், செவிலியும் நற்றாயும், தந்தையும் தன்னையரும் நிற்கின்றனர். களவு கற்பாக மலர வேண்டுமெனில், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்கும் உண்மையை உணர்த்தி அறத்தொடு நிற்றல் வேண்டும் என்பது அந்நெறி. மணம் முடிந்த பின்னரும் ஊடல் தீர்க்கும் வாயில்களாகப் பலர் இயங்குவர். ஆக, காதல் தோன்றுவதற்கு இருவர் போதும். அது நிலைபெறுவதற்குப் பலர் வேண்டும் என்பதே அகத்திணை நமக்குக் காட்டும் உண்மையாகும்.

இவ்வுண்மை ஏட்டளவில் நிற்பதா, மாந்தர் வாழ்க்கைக்கும் பொருந்துவதா என்று எண்ணிப் பார்க்க, 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வாழ்ந்த ஒரு பெண்மணியின் வரலாறு துணைசெய்கிறது. அவர் காரல் மார்க்ஸின் துணைவியார் ஜென்னி. மார்க்ஸின் கொள்கையை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர். ஈண்டு நாம் காணப் புகுவது அக்கொள்கையை அன்று. ஏறத்தாழ 38 ஆண்டுகள், வறுமையும் நாடு கடத்தலும் பிள்ளைச் சாவும் வந்து மோதியும் முறியாது நின்ற ஓர் இல்லறத்தையும், அதனைத் தாங்கிய கைகளையுமே காண்கிறோம்.

இரு குடும்பங்கள்

ஜென்னி 1814-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள் ஜெர்மனியின் சால்ஸ்வேடல் நகரில் பிறந்தார். தந்தை லுத்விக் வான் வெஸ்ட்பாலன் பிரஷ்ய அரசின் உயர் அலுவலர்; பிரபுப் பட்டம் உடையவர். 1816-இல் அவர் பணி நிமித்தம் டிரையர் நகருக்குக் குடிபெயர்ந்தார். அதே நகரில் வழக்கறிஞராக விளங்கியவர் ஹைன்ரிக் மார்க்ஸ். யூத குருமார் மரபில் வந்த அவர், பிரஷ்ய ஆட்சியில் தொழிலை இழவாதிருக்கும் பொருட்டுக் கிறித்தவ சமயம் தழுவியவர். அவருடைய மகன் காரல் 1818-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் பிறந்தார்.

குலத்தால், செல்வத்தால், பழைய சமயத்தால் இவ்விரு குடும்பங்களுக்கும் இடையே இருந்த தொலைவு சிறிதன்று. எனினும் பிள்ளைகளின் நட்பு அத்தொலைவைக் கடந்தது. காரலின் தமக்கை சோபி ஜென்னியின் உயிர்த்தோழி. ஜென்னியின் தம்பி எட்கர் காரலின் பள்ளித் தோழன். இவற்றினும் சிறந்தது லுத்விக் பெருமகனார்க்கும் சிறுவன் காரலுக்கும் இடையே அரும்பிய பற்றாகும். முதியவர் அச்சிறுவனை உடனழைத்துக்கொண்டு நெடுந்தொலைவு உலாவுவார். ஹோமரையும் ஷேக்ஸ்பியரையும் அவனுக்கு அறிமுகம் செய்வார். பின்னாளில் மார்க்ஸ் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டை இம்முதியவர்க்கே படையல் செய்தார். பெண்ணின் தந்தையும் பெண்ணை விரும்பியவனும் முதலில் ஆசானும் மாணவனுமாய் இருந்தனர் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

களவும் காவலும்

1836-ஆம் ஆண்டில் காரலுக்கு வயது 18, ஜென்னிக்கு 22. பான் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த காரலும் ஜென்னியும் பிறர் அறியாது மண உறுதி செய்துகொண்டனர். ஆண் இளையவன், பெண் மூத்தவள். அவன் இன்னும் மாணவன், அவளோ நகரின் நடனக் கூடங்கள் வியந்து நோக்கிய பேரழகி. அக்காலச் சமுதாயம் எள்ளி நகையாடுவதற்கு இதுவே போதுமானது.

மறைபொருளை அறிந்தவர் இருவர். ஒருவர் சோபி; மடல்களைக் கொண்டு கொடுக்கும் தோழியாக அவர் அமைந்தார். மற்றவர் காரலின் தந்தை ஹைன்ரிக். பெர்லினுக்குப் படிக்கச் சென்ற மகனுக்கு அவர் எழுதிய மடல்கள் இன்றும் கிடைக்கின்றன. மகனின் அறிவாற்றலில் அவருக்கு ஐயமில்லை. அவன் பொறுப்புணர்வில் ஐயம் இருந்தது. குலப்பெருமையையும் வருங்கால வாழ்வையும் பணயம் வைத்து ஒரு பெண் தன்னை ஒப்படைத்திருக்கும்போது, அவளைக் காக்கும் ஆண்மகனாகத் தன்னை ஆக்கிக்கொள்வது அவன் கடமை என்று மீண்டும் மீண்டும் இடித்துரைத்தார். ஆயினும் அம்மறையை அவர் வெளியிடவில்லை. அப்பெண்ணைத் தம் மகளாகவே கருதினார். அவள் உள்ளம் தளரும்போதெல்லாம் தேற்றினார்.

அடுத்த ஆண்டில் செய்தி வெஸ்ட்பாலன் இல்லத்திற்கும் எட்டியது. மகளின் எதிர்காலம் பற்றிய கவலை பெற்றோர்க்கு இருந்தது. எனினும் லுத்விக் இசைவு தந்தார். தாம் வளர்த்த மாணவனைத் தாமே தள்ளிவிட அவருக்கு மனம் வரவில்லை போலும்.

தமர் மறுப்பு

காப்பாளர் இருவரையும் காலம் விரைவிற் கவர்ந்தது. 1838-ஆம் ஆண்டு மே திங்களில் ஹைன்ரிக் மறைந்தார். 1842-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் லுத்விக்கும் மறைந்தார். காரல் முனைவர் பட்டம் பெற்றிருந்தார். நிலையான வேலை எதுவும் பெற்றிருக்கவில்லை. அவருடைய தாயார் குடும்பச் சொத்தில் அவர் பங்கை உடனே கொடுக்க இசையவில்லை. ஜென்னியின் வீட்டில், தந்தையின் முதல் மனைவிக்குப் பிறந்த தமையன் பெர்டினாண்டின் சொல் மேலோங்கியது. அரசுப் பணியில் உயர்ந்துகொண்டிருந்த அவர் இம்மணத்தை வன்மையாக வெறுத்தார். ஜென்னிக்கோ வயது 28 ஆயிற்று. ஒத்த வயதுப் பெண்கள் மக்களைப் பெற்று வளர்க்கும் காலத்தில், அவர் வராத மடல்களுக்காகக் காத்திருந்தார்.

பெர்டினாண்டைக் கொடியவர் என்று ஒதுக்கிவிடுதல் எளிது; அது நேர்மையாகாது. வேலையற்ற, அரசைப் பகைத்துக்கொண்ட ஓர் இளைஞனுக்குத் தங்கையைக் கொடுத்தால் அவள் வறுமையில் வாடுவாள் என்று அவர் கணக்கிட்டார். பின்னாளில் அக்கணக்குப் பிழையாகவும் இல்லை. ஆனால் அதே ஐயம் ஹைன்ரிக்குக்கும் இருந்ததே! ஒருவர் உறவின் உள்ளே நின்று ஐயத்தை உரைத்தார். அவ்வுரை மகனுக்கு அறிவுரையாயிற்று. மற்றவர் உறவின் வெளியே நின்று அதே ஐயத்தைத் தடையாக எழுப்பினார். அத்தடை தங்கையை அவரிடமிருந்து பிரித்ததே தவிர, காதலரை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரிக்கவில்லை. கவலை ஒன்றே, அதனைக் கையாண்ட முறை இரண்டு. விளைவும் இரண்டாயிற்று.

இந்நிலையில் முன்வந்து நின்றவர் நற்றாயாகிய கரோலின் அம்மையார். மகளை அழைத்துக்கொண்டு அவர் க்ராய்ட்ஸ்நாக் என்னும் சிற்றூருக்குச் சென்று தங்கினார். அங்கேயே 1843-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள், ஏழாண்டுக் காத்திருப்புக்குப் பின் மணம் நிகழ்ந்தது. தாயார் ஒரு சிறு பெட்டியில் பணம் வைத்து மணமக்களிடம் கொடுத்தனுப்பினார் என்றும், அவர்கள் தங்கிய விடுதிகளில் அப்பெட்டியைத் திறந்தே வைத்து, வந்து கண்ட ஏழை நண்பர்களை வேண்டுமளவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. பணத்தைப் பேணத் தெரியாத, நண்பரைப் பேணத் தெரிந்த ஓர் இல்லறத்தின் தொடக்கம் அது.

தாய் அனுப்பிய துணை

மணமுடித்துக் கொடுத்ததோடு தம் கடமை தீர்ந்தது என்று கரோலின் கருதவில்லை. 1844-இல் பாரிஸ் நகரில் முதற்குழந்தை பிறந்து நோயுற்றபோது, ஜென்னி அக்குழந்தையுடன் தாய்வீட்டிற்கே வந்து அதனைத் தேற்றிக்கொண்டார். அவர் டிரையரில் இருந்த அந்நாட்களில்தான், ஆகஸ்டு இறுதியில், பிரடெரிக் எங்கெல்ஸ் என்னும் இளைஞர் பாரிசில் மார்க்ஸைக் கண்டு பத்து நாட்கள் உடன் தங்கினார். இல்லறத்தைத் தாங்கப்போகும் பெருந்தூண், இல்லத்தலைவி ஊரில் இல்லாதபோது வந்து சேர்ந்தது.

1845-இல் பிரெஞ்சு அரசு மார்க்ஸை நாடு கடத்தவே குடும்பம் பிரஸ்ஸல்ஸ் நகரை அடைந்தது. அவ்வாண்டு கரோலின் தம் வீட்டில் சிறுமிப் பருவத்திலிருந்து பணிசெய்து வளர்ந்த ஹெலன் டெமுத் என்னும் பெண்ணை மகளுக்குத் துணையாக அனுப்பிவைத்தார். பணமாகக் கொடுத்திருந்தால் ஓராண்டில் கரைந்திருக்கும். ஆளாகக் கொடுத்தது வாழ்நாள் முழுவதும் நின்றது. சமைத்தல், துவைத்தல், பிள்ளை வளர்த்தல், கடன்காரரைச் சமாளித்தல், அடகுக்கடைக்குச் செல்லுதல் அனைத்தும் ஹெலன் கையில் அமைந்தன. கூலி பல காலம் கிடைக்கவில்லை. அவர் விட்டுப் போகவும் இல்லை. செவிலி என்னும் சொல்லுக்கு அவரினும் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது.

இலண்டன் இடுக்கண்

1849-இல் குடும்பம் இலண்டன் வந்தடைந்தது. மறு ஆண்டு வாடகை பாக்கிக்காகக் கட்டிலும் தொட்டிலும் பறிமுதல் செய்யப்பட்டுத் தெருவில் நின்றது. அவ்வாண்டே ஜென்னி கருவுற்ற நிலையில் கடல் கடந்து ஆலந்து சென்று, மார்க்ஸின் சிற்றன்னை கணவரான லயன் பிலிப்ஸ் என்னும் வணிகரிடம் உதவி வேண்டினார். வெறுங்கையுடன் திரும்பினார். பின்னாளில் அவ்வணிகரும் உதவினார். மின்விளக்கால் உலகறிந்த பிலிப்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர் அவருடைய மகனும், மற்றவர் பெயரனும் ஆவர். அதே 1850-ஆம் ஆண்டின் இறுதியில் தமையன் பெர்டினாண்ட் பிரஷ்யாவின் உள்துறை அமைச்சரானார். தமையன் அமைச்சர், தங்கை சோஹோ பகுதியின் டீன் தெருவில் இரண்டு அறைகளில் ஒதுங்கிய அகதி!

அவ்வறைகளில் சாவு மீண்டும் மீண்டும் நுழைந்தது. 1850-இல் கைக்குழந்தை கைடோ, 1852-இல் பிரான்சிஸ்கா, 1855-இல் எட்டு வயது எட்கர். பிரான்சிஸ்காவின் சவப்பெட்டிக்குக் காசில்லாமல், அண்டையில் வாழ்ந்த பிரெஞ்சு அகதி ஒருவரிடம் 2 பவுன் பெற்று அடக்கம் செய்தனர். ஜென்னி பெற்ற ஏழு மக்களில் மூன்று பெண்களே வளர்ந்து பெரியவராயினர். பாட்டி வழி வந்த ஸ்காட்லாந்து வெள்ளிக் கலங்கள் அடகுக்கடைக்கும் வீட்டுக்குமாக நடந்தன. இவற்றுக்கிடையே கணவரின் எவரும் படிக்கவியலாத கையெழுத்தை அச்சுக்கு ஏற்ப ஜென்னி படியெடுத்துக்கொண்டிருந்தார்.

நண்பரின் தோள்

இவ்வில்லறம் பசியால் அழியாமற் காத்தவர் எங்கெல்ஸ். 1850-இல் அவர் மான்செஸ்டர் நகரில் தம் தந்தைக்குப் பங்குள்ள நூற்பாலை நிறுவனத்தில் எழுத்தர் வேலையை ஏற்றார். வணிகம் அவருக்கு அறவே பிடிக்காத தொழில். இருந்தும் ஏறத்தாழ 20 ஆண்டுகள் அதில் உழன்று, பணத்தை மடலில் வைத்து அனுப்பிய வண்ணம் இருந்தார். மார்க்ஸின் ஆங்கிலம் முதிராத காலத்தில், அமெரிக்க நாளிதழுக்கு மார்க்ஸ் பெயரில் வரவேண்டிய கட்டுரைகள் பலவற்றைத் தாமே எழுதிக் கொடுத்தார். 1869-இல் நிறுவனத்தை விட்டு விலகியபோது, மார்க்ஸ் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 350 பவுன் கிடைக்க வழிசெய்தார். மறு ஆண்டு இலண்டனில் அவர்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவிலேயே குடியேறினார்.

பிறரும் துணைநின்றனர். 1856-இல் தாய் கரோலின் மறைந்தபோது வந்த உரிமைப்பொருள் குடும்பத்தை டீன் தெருவிலிருந்து மீட்டது. 1860-இல் ஜென்னிக்குப் பெரியம்மை கண்டபோது, நண்பர் லீப்னெக்ட் குடும்பத்தார் பெண் குழந்தைகளைத் தம் வீட்டில் வைத்துக் காத்தனர். மார்க்ஸும் ஹெலனும் நோயாளியின் அருகிருந்து பேணினர். 1864-இல் மறைந்த நண்பர் வில்ஹெல்ம் வோல்ப் தம் சேமிப்பில் பெரும்பகுதியை மார்க்ஸுக்கே எழுதிவைத்தார். 1867-இல் வெளிவந்த மூலதனம் முதல் தொகுதி அவருக்கே படையலாயிற்று.

ஆயினும் கொடுப்பவரின் உள்ளத்தைப் பெறுபவர் மறந்துவிடும் இடர் எந்த நட்புக்கும் உண்டு. எங்கெல்ஸ், மேரி பர்ன்ஸ் என்னும் ஐரிஷ் உழைக்கும் பெண்ணுடன் மணச்சடங்கின்றி வாழ்ந்துவந்தார். ஜென்னிக்கு அவ்வாழ்க்கை உடன்பாடன்று. மேரியிடம் அவர் விலகியே நின்றார். 1863-ஆம் ஆண்டு ஜனவரியில் மேரி திடீரென இறந்தார். மார்க்ஸ் எழுதிய மடலில் இரங்கல் ஒரு சிறு பகுதி. எஞ்சிய பகுதி முழுவதும் தம் வீட்டுப் பணமுடை. எங்கெல்ஸ் உள்ளம் புண்பட்டது. அவர்கள் நட்பில் முறிவு நெருங்கி வந்த பொழுது அதுவே. மார்க்ஸ் தம் பிழையை ஒப்புக்கொண்டு, வீட்டின் இக்கட்டை விளக்கி எழுதினார். எங்கெல்ஸ் மன்னித்தார், அதனோடு நில்லாது, தம் நிலைக்கு ஊறு நேரக்கூடும் என்று தெரிந்தும் 100 பவுன் திரட்டி அனுப்பினார். தன் துயரிலேயே மூழ்கிய இல்லறம் தன்னைத் தாங்குபவரின் துயரைக் காணத் தவறும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

மறைக்கப்பட்ட ஒன்று

வரலாறு எழுதுவோர் கசப்பான உண்மையைத் தவிர்த்தல் தகாது. 1851-ஆம் ஆண்டு ஜூனில் ஹெலன் டெமுத் ஓர் ஆண்மகவைப் பெற்றார். அக்குழந்தையின் தந்தை மார்க்ஸே என்று ஆய்வாளர் பலரும் கொள்கின்றனர், ஐயுறுவாரும் உளர். எங்கெல்ஸே தந்தை என்னும் எண்ணம் நண்பர் நடுவே நிலவியது. எங்கெல்ஸ் அதனை மறுத்துரைக்காமல் இருந்துவிட்டார். மார்க்ஸின் குடும்பம் உடையாமல் தப்பியது. ஆனால் பிரடெரிக் எனப் பெயர் பெற்ற அச்சிறுவன் வளர்ப்புக் குடும்பத்தில் வளர்ந்தான். தந்தையென்று ஒருவரை அழைக்கும் பேறு அவனுக்கு வாய்க்கவில்லை.

நண்பர் காத்தார் என்று போற்றுமிடத்து, எவர் செலவில் காத்தார் என்றும் வினவ வேண்டும். ஓர் இல்லறத்தைக் காக்கும் முயற்சியில் சுற்றமும் நட்பும் சில வேளைகளில் எளியவர் மீது சுமையை இறக்கிவிடுகின்றன. இங்கு அச்சுமையைத் தாங்கியவர் ஒரு பணிப்பெண்ணும் ஒரு குழந்தையும். ஜென்னியின் உள்ளம் அவ்வாண்டில் பட்ட துன்பம் சிறிதன்று என்பது அவர் பின்னர் எழுதிவைத்த நினைவுக் குறிப்பிலிருந்து உணரத்தக்கது. ஆயினும் அவரும் ஹெலனும் ஒரே கூரையின் கீழ் இறுதிவரை வாழ்ந்தனர். அப்பெண்மணியர் இருவர்க்கும் இடையே இருந்த உறவின் ஆழத்தை அளக்க நம்மிடம் கோல் இல்லை.

இறுதி நாட்கள்

1881-இல் ஜென்னி ஈரல் புற்றுநோயால் படுக்கையில் வீழ்ந்தார். அடுத்த அறையில் மார்க்ஸ் நுரையீரல் உறை அழற்சியால் கிடந்தார். மகள் எலினாரும் ஹெலனும் இருவரையும் இரவு பகலாய்ப் பேணினர். ஒருநாள் மார்க்ஸ் சற்றே தேறி எழுந்து மனைவியின் அறைக்குச் சென்றார். அன்று அவ்விருவரையும் கண்ட மகளுக்கு, மூப்பும் நோயும் மறைந்து, வாழ்வைத் தொடங்க நிற்கும் இளங்காதலர் இருவரே தோன்றினர். டிசம்பர் 2-ஆம் நாள் ஜென்னி மறைந்தார். மருத்துவர் தடுத்ததால் கணவர் அடக்கத்திற்குச் செல்லவியலவில்லை. ஹைகேட் இடுகாட்டில் அவ்வம்மையாரின் பெருமையை எடுத்துரைத்தவர் எங்கெல்ஸ். 1883-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் நாள் மார்க்ஸும் மறைந்து அதே குழியில் துயில்கொண்டார்.

அதன்பின் எங்கெல்ஸ் இல்லத்தை நடத்திய ஹெலன் டெமுத் 1890-இல் இறந்தார். அவரும் அக்கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். 1954-இல் அவர்களின் எச்சங்கள் அதே இடுகாட்டில் வேறிடத்திற்கு மாற்றப்பட்டன. 1956-இல் பெருஞ்சின்னம் எழுப்பப்பெற்றது. மார்க்ஸின் தலையுருவைக் காணச் செல்வோர் அதன் கீழுள்ள கல்லைக் கூர்ந்து நோக்குவாராயின், ஜென்னியின் பெயரோடு, அவர் தாய் அனுப்பிவைத்த பணிப்பெண்ணின் பெயரும் பொறிக்கப்பட்டிருத்தலைக் காணலாம்.

முடிவுரை

ஜென்னியின் உறுதி பெரிது, அதில் ஐயமில்லை. ஆனால் அவ்வுறுதிக்குப் பற்றுக்கோடாய் நின்றவர்கள், மறையைக் காத்து இடித்துரைத்த மாமனார், இசைந்த தந்தை, உடன்வந்த தாய், மடல் சுமந்த தோழி, உழைத்துக் கொடுத்த நண்பர், கூலியின்றிக் காத்த செவிலி ஆகியோர். இவர்களுள் தாயும் நண்பரும் செவிலியும் மணநாளுக்குப் பின்னும் துணையாயினர். உயிர் உள்ளளவும் உடன் நின்றனர்.

இளைஞர் தம் விருப்பத்தை எண்ணும்போது, தம்மைச் சூழ்ந்தோரின் ஐயத்தைப் பகையெனக் கொள்ளாது செவிசாய்த்தல் நன்று. அதனினும் நன்று, பெரியோர் தம் ஐயத்தைப் பெர்டினாண்டைப் போலச் சுவராக எழுப்பாது, ஹைன்ரிக்கைப் போலச் சொல்லாக வழங்குதல். சுவர் எழுப்பியவர் அமைச்சராக உயர்ந்தும் தங்கையின் துயரில் பங்குபெறவில்லை. சொல் வழங்கியவர், மணத்தைக் காணுமுன்னரே மறைந்தபோதிலும், அவ்வில்லறத்தின் அடித்தளத்தில் இன்றும் நிற்கிறார்.